நான் வாசிக்காமல் விட்ட வரிகள்

பம்பாய் மாட்டுங்காவில் பூக்கடைகளைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். என் கையில் வாழையிலைக் கட்டு. பேச்சியின் இடுப்பில் காய்கறிப் பை. பாதி வழியில் அவள் நின்றுவிட்டாள்.

"என்னட்டி நின்னுட்ட? வெயில் ஏறுது, வா."

பேச்சி எதிர்க்கடையின் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் அசைந்தன. பிறகு சத்தமாகவே வாசித்தாள்.

"கா... ப்... பித்... தூள்."

கடைக்குள் காப்பிக்கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது. தெரு முழுக்க அந்த வாசனைதான். மோப்பம் பிடித்துச் சொல்லியிருப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை.

"அ... ரைத்... துத்... த... ரப்... படும்."

அரைத்துத் தரப்படும் என்று எந்த வாசனையும் சொல்லாது.

கடை வாசலில் நின்றிருந்தவர் சிரித்துவிட்டார். "பேஷ்! இந்தப் பலகையை மாட்டி எத்தனையோ வருஷமாச்சு. முழுசா வாசிச்சது நீதாம்மா" என்றார். பேச்சி வெட்கப்பட்டுப் பையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு அடிவயிறு எரிந்தது.

"போதும் வா. நாலு பேரு பாக்காக" என்று விறுவிறுவென்று முன்னால் நடந்தேன்.

இதுவரை எழுதாத ஒருத்தி

பேச்சி என் கொழுந்தனின் மனைவி. தாராவியில் பத்தடிக்குப் பத்தடி கோலியில், அதாவது ஒற்றை அறையில், நடுவே ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு, நாங்கள் இரண்டு குடும்பம் இருந்த கதையைப் இந்தத் தொடரில் போன வாரங்களில் எழுதியிருந்தேன். "திரைக்கு அந்தப் பக்கம் இருந்த உங்கள் ஓரகத்தியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் காணோமே?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எழுதாததற்குக் காரணம் உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரருக்கு விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கொழுந்தனுக்குச் செம்பூரில் ஒரு பட்டறை. விடியும்போது இருவரும் கிளம்பிப் போய்விடுவார்கள். அப்புறம் பகல் முழுக்க நானும் அவளும்தான்.

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். எங்கள் சந்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். மத்தியானமானால் கடிதத்தை எடுத்துக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள். தோல் கிடங்கு நாற்றமும் கருவாட்டு வாசனையும் கலந்து வீசும் அந்தச் சந்தில், வாசல்படியில் நான் உட்கார்ந்து வாசிப்பேன். சுற்றி நாலைந்து பெண்கள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சண்டை, எல்லாம் என் வாய் வழியாகத்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். குழாயடி வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவள்கூடச் சில நாள் "நீங்க பிடிங்க அக்கா" என்று விலகி நிற்பாள்.

எனக்கென்று இருந்தது அந்த ஒன்றுதான். சமையலில் பேச்சியின் கைப்பக்குவம் எனக்கு வராது. என் வீட்டுக்காரரே அவள் வைத்த குழம்பைத்தான் இரண்டாவது தடவை கேட்பார். அவளுக்கு வராதது எழுத்து. அது ஒன்றில் நான் மேலே, அவள் கீழே. அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சாம்பலில் எழுதிய எழுத்து

பேச்சி முதலில் என்னிடம்தான் கேட்டாள். இதை மறைக்க எனக்கு உரிமை இல்லை.

"அக்கா, எனக்கு எழுத்து சொல்லித்தாங்களேன். தெனம் ஒண்ணே ஒண்ணு போதும்."

"இனிமே படிச்சு என்ன செய்யப் போற? நான்தான் இருக்கேன்லா. எது வந்தாலும் வாசிச்சுச் சொல்லுதேன்."

அவள் அதற்குமேல் கெஞ்சவில்லை. மறுநாள் கடைக்குப் போனவள், சீரகம் மடித்துக் கொடுத்த பொட்டலத் தாளைக் கடை அண்ணாச்சியிடமே நீட்டி, "அண்ணாச்சி, இது என்ன எழுத்து?" என்று கேட்டிருக்கிறாள். பழைய வாரப் பத்திரிகைத் தாள் அது. "அது 'அ'. போ போ, பின்னால ஆளு நிக்கி" என்றிருக்கிறார் அவர்.

அன்றைக்குப் பாத்திரம் துலக்க உட்கார்ந்தபோது சாம்பலைத் தரையில் பரப்பினாள். விரலால் 'அ' போட்டாள். அழித்துவிட்டு மறுபடி போட்டாள். பிறகு அதே சாம்பலை அள்ளிப் பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் சிரித்தேன். ஒரு வாரம் தாங்காது என்று நினைத்தேன். என்னை வைத்து அவளை அளந்தேன். இந்தி கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று தாதரில் ஒரு புத்தகம் வாங்கி வந்து ஐந்தாம் பக்கத்தோடு மூடியவள் நான். தையல் வகுப்புக்கு நான்கு நாள் போனேன். வெற்றிலைப் புகையிலையை விடுகிறேன் என்று நான் செய்த சத்தியத்தை என் வீட்டுக்காரர் நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எதையும் நான் பெரிதாகத்தான் ஆரம்பிப்பேன். மழைக்காலத்து ஓடை மாதிரி பொங்கிவிட்டு வற்றிப்போவேன்.

பேச்சி பொங்கவே இல்லை. தினம் ஒரு பொட்டலம், ஒரு எழுத்து, ஒரு பிடி சாம்பல். காய்ச்சலில் படுத்த நாளில்கூட எழுந்து வந்து சுவரில் ஈர விரலால் ஒன்றை எழுதிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். மழை வந்து சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோது, கடைக்குப் போக முடியாமல், சுவரில் தொங்கிய நாள்காட்டியின் எழுத்துகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள்.

அவள் படித்ததைவிட, அவள் நிறுத்தாததுதான் என்னை எரித்தது. சில நாள் வேண்டுமென்றே அவள் துலக்கப் போகும் முன் நானே பாத்திரத்தைத் துலக்கிவைத்துவிடுவேன். "என்னக்கா இன்னைக்கு நீங்க?" என்று ஆச்சரியப்படுவாள். பிறகு அடுப்பிலிருந்து ஒரு பிடி சாம்பலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். பாத்திரம் இல்லாவிட்டாலும் எழுத்து உண்டு.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். அப்போதுதான் மாட்டுங்காவில் அந்தப் பலகை முன்னால் நின்றாள்.

உளுந்தங்களி

நான் அன்று பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பேச்சியின் அம்மா ஊரிலிருந்து யாரையாவது பிடித்து எழுதச் சொல்லி மாதம் ஒரு கடிதம் போடுவாள். பேச்சி கல்யாணமாகி வந்த புதிதில் முதல் கடிதம் வந்தது. நான் பிரித்து வாசித்தேன். எல்லாரும் சுகம், மழை இல்லை, வெள்ளாடு குட்டி போட்டிருக்கிறது என்று வரிசையாக வாசித்துவந்தேன். அடுத்த வரி இப்படி இருந்தது:

'நேத்து உளுந்தங்களி கிண்டினேன். உனக்குப் பிடிக்குமேன்னு ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வச்சேன். அப்புறந்தான் நீ இங்க இல்லங்கிறது ஞாபகம் வந்துச்சு. அந்தக் கிண்ணத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.'

அந்த வரியைச் சத்தமாக வாசிக்காமல் நிறுத்தினேன். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் பம்பாய் வந்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்ததில்லை. ஊர்க்கடிதமெல்லாம் வாசிக்கிற எனக்கு ஒருவரும் எழுதவில்லை. இவளுக்கு மட்டும் ஒரு கிண்ணம் களியை மூடி வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"அப்புறம் என்னக்கா எழுதியிருக்கு?" என்றாள் பேச்சி.

"அவ்வளவுதான். உடம்பைப் பாத்துக்கோன்னு முடிச்சிருக்கு."

யோசித்துச் செய்யவில்லை. ஆனால் அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னும் சுலபமாக இருந்தது. ஒரு கடிதத்துக்கு இரண்டு வரி, மூன்று வரி என்று தாண்டினேன். நல்ல பழக்கம் எப்படி வளரும் என்று பேச்சியிடம் பார்த்தேன். கெட்ட பழக்கம் வளர்வதும் அப்படியேதான். அது எனக்கு என்னிடமிருந்தே தெரியும்.

பதில் எழுதும்போதும் அதையே செய்தேன். "உன் பழைய சேலையைத்தான் தலைக்கு வச்சுப் படுக்குதேன்னு எழுதுங்க அக்கா" என்பாள். நான் 'நான் நலம்' என்று எழுதி ஒட்டிவிடுவேன்.

மற்றவர்களின் கடிதங்களை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். இவளுடையதில் மட்டும்தான் கை வைத்தேன்.

"எங்கம்மா இப்படித்தான் போல" என்று ஒருநாள் பேச்சி சொன்னாள். "வீட்டுல இருக்கையில அப்படிப் பாசமா இருப்பா. கெட்டிக்கொடுத்ததும் மறந்துட்டா." சொல்லும்போது முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு தடவை நின்று மறுபடி ஆடியது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

தினம் ஒரு கடிதம்

மாட்டுங்காவிலிருந்து வந்த மறுநாளே அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். அம்மாவின் கடிதங்களை நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள். தினம் மத்தியானம் ஒன்றாகப் பழசெல்லாம் வாசித்துவிடப் போவதாகச் சொன்னாள்.

"எல்லாம் நான் வாசிச்சுக் காட்டுனதுதானே. புதுசா என்ன இருக்கப் போகுது?"

"எங்கண்ணால பாக்கணும்போல இருக்குக்கா."

வாசலில் வெளிச்சம் விழும் இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள். வந்த வரிசைப்படியே ஆரம்பித்தாள். நான் காய் நறுக்குவதை விட்டுவிட்டு அவளையே பார்த்தேன். ஒவ்வொரு சொல்லாக விரலை நகர்த்திக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். திரும்பவும் ஆரம்பத்திலிருந்து வந்தாள். மறுபடி அதே இடத்தில் நின்றாள்.

"அக்கா, கி...ண்...ண...ம்னா நம்ம கிண்ணந்தானே?"

"எங்க காட்டு." வாங்கிப் பார்ப்பதுபோல் பார்த்தேன். "எழுத்து கூட்டி வாசிக்கையில அப்படித்தான் தப்புத் தப்பா வரும். நீ இன்னும் சரியா படிக்கல. இதுக்குத்தான் அப்பமே சொன்னேன், ஒனக்கு எதுக்கு இந்த வேலைன்னு."

அவள் முகம் விழுந்துவிட்டது. கடிதத்தை மடித்து நூல் கட்டுக்குள் வைத்தாள். மறுநாள் சாம்பலில் எழுதவில்லை. அதற்கு மறுநாளும் எழுதவில்லை. மூன்று நாள் பொட்டலத் தாளைப் பிரித்துச் சீரகத்தைக் கொட்டிக்கொண்டு, தாளை அடுப்பில் போட்டாள். நான் கேட்டது அதுதான். கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மூன்று நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதும் உண்மை.

நான்காம் நாள் காலையில் பெட்டியைத் திறந்து எதையோ இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். நான் உலையை இறக்கிவைத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அண்ணாச்சி கையில் அந்த முதல் இன்லேண்ட் கடிதம் இருந்தது. உப்பு, பருப்பு என்று உள்ளே இருக்கும் ஆளிடம் கூவுகிற அதே உரத்த குரலில் வாசித்துக்கொண்டிருந்தார்.

"...ஒரு கிண்ணத்துல எடுத்து மூடி வச்சேன். அப்புறந்தான் நீ இங்க இல்லங்கிறது..."

குரல் பாதியில் தணிந்துவிட்டது.  "நீ வாசிச்சது சரிதான் தாயி. ஒரு எழுத்துத் தப்பில்ல" என்று அவர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

பேச்சி திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

அதுக்கு?

வீட்டுக்கு வந்து கட்டு முழுவதையும் பிரித்தாள். அன்றைக்கு ஒரு கடிதத்தோடு நிறுத்தவில்லை. மாலை வரை உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டி வாசித்தாள். நடுவில் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் திரைக்கு இந்தப் பக்கம் சுவரோடு சாய்ந்திருந்தேன்.

கடைசியில் திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்கம்மா எனக்கு எழுதுன வரியெல்லாம் எங்க கொண்டு போட்டீக அக்கா?"

நான் தலை நிமிரவில்லை.

"அவ என்னை மறந்துட்டான்னு நான் எத்தன நாளு அழுதிருக்கேன். பக்கத்துலதானே இருந்தீக?"

"எனக்கு ஒரு வரி எழுத ஆளில்லட்டி" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது.

"அதுக்கு?"

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுத் திரையை இழுத்து மூடினாள். 

ஆண்கள் வந்தபோது அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள். அவர்களிடம் எதையும் சொல்லவில்லை. அதன்பிறகு என்னிடம் தேவைக்கு மட்டும்தான் பேசினாள். "உப்பு தீந்துபோச்சு." "தண்ணி வந்துட்டு." அவ்வளவுதான். அம்மாவுக்கு அவளே ஒரு கார்டு எழுதினாள். நாளுக்கு ஒரு வரியாக எழுதி முடிக்க ஒரு வாரம் ஆயிற்று. தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்த அன்று, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் தனக்குள் பாடிக்கொண்டே மாவு பிசைந்தாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. தப்புச் செய்தவள் நான். ஆனாலும் அவள் பாட்டு எனக்கு முள்ளாகத்தான் குத்தியது.

அப்போதுதான் நான் என்னைக் கண்டு பயந்தேன். பாதி எழுதிய ஒரு பழைய நோட்டை எடுத்தேன். அன்று யாரைப் பார்த்து, எதற்காக வயிறு எரிந்தேன் என்று ஒரே ஒரு வரி எழுதுவது, வேறெதுவும் எழுதக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். திருந்தப் போகிறேன் என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை. என் சத்தியத்தின் ஆயுள் எனக்குத் தெரியும். தினம் ஒரு வரி என்பதைப் பேச்சியிடமிருந்துதான் எடுத்தேன். அவளிடம் சொல்லாமல்தான் எடுத்தேன்.

முதல் நாள்: 'பேச்சி. பாடினாள்.' இரண்டாம் நாள்: 'பேச்சி. குழம்பு.' ஒரு மாதம் பேச்சியைத் தவிர வேறு பெயரே கிடையாது. அப்புறம் ஒருநாள் 'அடுத்த சந்து சரசு. புது ஹண்டா' என்று ஒரு தண்ணீர்ப் பானைக்காக எழுதினேன். பொறாமை போய்விட்டது என்று இங்கே எழுதினால் நீங்கள் நம்ப வேண்டாம். முன்பெல்லாம் நாள் முழுக்க எரியும். போகப் போக, அந்த ஒரு வரியை எழுதி முடிக்கிற நேரம்தான் எரிந்தது. அப்படி ஆவதற்கே பல வருஷம் பிடித்தது. என்னிடம் நிலைத்த மாற்றம் அது ஒன்றுதான். புகையிலையை நான் இன்னும் விடவில்லை.

தாதர் ஸ்டேஷனில்

சில மாதம் கழித்துப் பேச்சியின் அம்மா பம்பாய்க்கே வந்துவிட்டாள். மகள் கைப்பட எழுதிய கார்டைப் பார்த்ததும், ஊர்க்காரர் ஒருவர் துணையோடு புறப்பட்டுவிட்டாளாம். ஒல்லியான உடம்பு. பேசும்போது எதிரில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்வாள். பத்து நாள் எங்கள் கோலியில் இருந்தாள். மகள் தலையை வாரிவிட்டாள், மகளுக்கு ஊட்டிவிட்டாள். என் நோட்டில் அந்தப் பத்து நாளும் ஒரே வரிதான்: 'பேச்சி. அம்மா.'

திரும்பிப் போகும் நாள் தாதர் ஸ்டேஷனுக்கு நாங்கள் இருவரும் போனோம். ஊர்க்காரர் முன்பே ஏறி இடம் பிடித்திருந்தார். வண்டி கொஞ்ச நேரம்தான் நிற்கும். பேச்சியின் அம்மா ஏறப் போனவள் திரும்பி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தாயி, நீ ஒருத்தி இல்லன்னா எம்மவ என்ன செஞ்சிருப்பா? நான் எழுதுனதையெல்லாம் ஒண்ணுவிடாம நீதானே வாசிச்சுக் காட்டிருக்க. நீ நல்லா இருக்கணும்."

அவள் உள்ளங்கை சொரசொரவென்று சூடாக இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லம்மா, நான் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்ல..."

என் முழங்கைக்கு மேல் சுரீர் என்றது. பேச்சி பலமாகக் கிள்ளியிருந்தாள்.

"வண்டி கெளம்பப் போகுது. ஏறும்மா, ஏறு" என்று அம்மாவை ஏற்றிவிட்டாள். ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை ஆடிக்கொண்டே போனது. வண்டியின் கடைசிப் பெட்டி மறையும்வரை பேச்சி அசையவில்லை.

வெளியே வந்தோம். தாதர் மார்க்கெட் கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டு மாட்டுங்கா பக்கமாக நடந்தோம். கிள்ளிய இடம் கன்றிப்போயிருந்தது. கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஏன் என்னைச் சொல்லவிடல?"

பேச்சி கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்.

"சொன்னா ஒங்க மனசு லேசாயிரும். எங்கம்மா மனசு பாரமாயிரும். ரெண்டு மூணு நாளு ரயில்ல அதையும் சொமந்துக்கிட்டுப் போகணுமா அவ?"

"அப்ப நீ என்னை மன்னிச்சிட்டியா?"

"இல்ல." அவள் குரலில் கோபம் இல்லை. "அது எனக்கு எப்ப வரும்னு தெரியாது. அதுவரைக்கும் அந்தப் பாரத்தை நீங்களே வச்சுக்கிடுங்க."

உப்பும் தண்ணியும் அல்லாத பேச்சு அவள் என்னிடம் பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது. இப்படி யோசிக்க எனக்கு வரவில்லையே, அதுவும் அவளுக்குத்தானே வந்தது என்று எனக்கு அப்போதும் பொறாமையாகத்தான் இருந்தது.  தாராவி வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.